வசனத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் காமிக்ஸுக்குக் கொடுக்கும் ஐஸ்னர் விருதில் 'சிறந்த எழுத்தாளர்' என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. 1988-ல் அது 'வாட்ச்மென்' எழுதிய ஆலன் மூருக்குப் போனது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். மூர் ஒரே ஒரு கட்டத்துக்கு, அதாவது பக்கத்தில் உள்ள ஒரு படத்துக்கு, பத்தி பத்தியாகக் குறிப்பு எழுதுகிறவர். அந்தக் குறிப்புகள் வாசகர் கண்ணில் படுவதே இல்லை. நாம் பார்ப்பது டேவ் கிப்பன்ஸ் வரைந்த படங்களும் பேச்சு பலூனுக்குள் இருக்கும் சொற்களும்தான். அப்படியென்றால், 'எழுத்து பிரமாதம்' என்று எதைப் பார்த்துச் சொல்கிறோம்?

பெரும்பாலும் வசனத்தைப் பார்த்துத்தான். மேற்கோள் காட்ட அதுதான் வசதி. ஸ்பைடர்மேன் என்றதும் பெரிய சக்தி வந்தால் பெரிய பொறுப்பும் வரும் என்ற வரியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். 1962-ல் வந்த முதல் கதையில் அதை, ஸ்பைடர்மேனாகும் பீட்டரின் பென் மாமா சொல்லவே இல்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குறிப்பாக வருகிறது. அதற்கு முன்னாலேயே கதை அதைச் செய்து காட்டிவிட்டது. தனக்கென்ன என்று பீட்டர் போகவிட்ட திருடன்தான் மாமாவைக் கொன்றவன். அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் எழுத்து. வரி அதற்கு ஒட்டிய லேபிள், அவ்வளவுதான்.

என் வழி எளிமையானது. பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் படத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் படியுங்கள். இரண்டும் ஒரே சேதியைச் சொன்னால், அந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர் சும்மா இருந்திருக்கிறார்.

இதற்கு நல்ல சோதனைக்களம் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33-வது இதழ். அட்டையில் 1966 பிப்ரவரி என்று இருக்கும். வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் தளம் நீருக்கடியில் இருக்கிறது, கூரை ஒழுகுகிறது. ஸ்பைடர்மேன் ஒரு ராட்சத இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். மே அத்தையைக் காப்பாற்றும் மருந்து எதிரிலேயே கிடக்கிறது, கைக்கு எட்டவில்லை. எதிரில் வில்லன் இல்லை, சண்டை இல்லை. ஒருவன் பாரத்தைத் தூக்குகிறான், அதுதான் சம்பவம். ஓவியர் ஸ்டீவ் டிட்கோ அதைப் பக்கம் பக்கமாக இழுக்கிறார். தலை, தோள், சொட்டும் நீர், மறுபடியும் தோள். கடைசியில் ஒரே படம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறது. இயந்திரம் மேலே போய்விட்டது. அந்தப் பக்கத்திலும் வசனம் எழுதிய ஸ்டான் லீ அவனை 'சாதித்துவிட்டேன்! விடுதலை!' என்று கத்த வைக்கிறார். நமக்குத்தான் தெரிகிறதே, ஐயா!

ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலில் அன்று வேலை நடந்த விதம் தெரிந்தால் இது புரியும். லீ கதைச் சுருக்கம் சொல்வார், சில நேரம் பேச்சோடு சரி. ஓவியர் அதைப் பக்கங்களாகப் பிரித்து வரைவார். வரைந்து வந்த படத்துக்கு மேல் லீ வசனம் எழுதுவார். 1965-லிருந்து ஸ்பைடர்மேன் இதழ்களில் கதை டிட்கோவுடையது என்றே அச்சாகியது. ஆக, அந்தக் காட்சியை 'எழுதியவர்' டிட்கோ. அதற்காக லீயை ஒதுக்கிவிட முடியாது. அடி வாங்கிக்கொண்டே தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் அந்தப் பையனின் குரல் அவர் கொடுத்தது. ஒரு பெயரைப் போட்டு 'எழுத்து: இன்னார்' என்று மதிப்பெண் போடும்போது இந்தச் சிக்கலை மறந்துவிடுகிறோம். நம் ஊரிலும் அப்படித்தான். 1972-ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி இங்கே பலருக்கு மனப்பாடம். அந்தப் பிரிட்டிஷ் கதைகளை எழுதியவர்கள் பெயரைக் கேட்டால் எத்தனை கை உயரும்?

சரி, சொல் எப்போது வேலை செய்கிறது? 1973-ல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-வது இதழ். ஜெர்ரி கான்வே எழுதியது, கில் கேன் பென்சிலில் வரைந்தது. வில்லன் கிரீன் காப்ளின் பாலத்திலிருந்து பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைத் தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே சின்னதாக 'ஸ்னாப்' என்று ஓர் ஒலிச்சொல். படத்தை மட்டும் பார்த்தால் காப்பாற்றிவிட்டான். சொல்லைச் சேர்த்துப் பார்த்தால், காப்பாற்றியதுதான் கொன்றதோ என்ற சந்தேகம் வருகிறது. அவனுக்கு அது இன்னும் தெரியாது. தன் திறமையைத் தானே மெச்சிக்கொண்டு அவளை மேலே இழுக்கிறான். இங்கே வசனம் படத்தோடு மோதுகிறது, அதனால்தான் வலிக்கிறது. (அதே இதழில் வசனம் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் என்கிறது, படத்தில் இருப்பது புரூக்ளின் பாலம். கதை ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தகவல் பிழை பிடிப்பதை விமர்சனம் என்று நினைக்கும் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்.)

சாவு என்றதும் சூப்பர்மேன் ஞாபகம் வரும். 1992 நவம்பரில் 'சூப்பர்மேன்' 75-வது இதழ் வந்தபோது கடைகளில் வரிசை நின்றது. அதன் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. அதற்கு முந்தைய இதழ்களில் பக்கத்துக்கு நான்கு கட்டம், அடுத்ததில் மூன்று, அப்புறம் இரண்டு. 75-ல் ஒவ்வொரு பக்கமும் ஒரே படம். நேரம் குறைவதைப் பக்கமே எண்ணிக் காட்டுகிறது. இதுவும் எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் டூம்ஸ்டே என்ற அரக்கன் எங்கிருந்தோ வந்து இடிக்கிறான், சூப்பர்மேன் திருப்பி இடிக்கிறான், இருவரும் விழுகிறார்கள். அவன் எடுத்த எந்த முடிவும் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை. க்வென் சாவில் ஹீரோவின் கை இருக்கிறது, இங்கே வெறும் முஷ்டிதான் இருக்கிறது.

அடுத்த வருஷமே அவன் திரும்பி வந்தானே, அதனால்தான் மட்டமா என்று கேட்பீர்கள். இல்லை. திரும்பி வருவது இந்த வகையின் தலையெழுத்து. 1980-ல் எக்ஸ்மென் என்ற சூப்பர்ஹீரோ குழுவின் தொடரில், 137-வது இதழில், குழுவைச் சேர்ந்த ஜீன் கிரே தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்டும் ஓவியர் ஜான் பர்னும் முதலில் திட்டமிட்டது வேறு முடிவு. அவள் சக்தியை இழந்து உயிரோடு இருப்பாள். ஒரு கிரகத்தையே அழித்தவள் அப்படித் தப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்ததால் மாறியது. என் கணக்கில் ஷூட்டர் சொன்னதே சரி. 1986-ல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, செத்தது ஜீனே இல்லை என்று வேறு விளக்கம் கொடுத்தார்கள். அந்தக் கடனை 1980-ன் கணக்கில் எழுதக் கூடாது. அன்றைய பக்கங்களில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்தப் படைப்பு.

இன்னொரு மயக்கத்தையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இருட்டாக இருந்தால் ஆழம் என்ற எண்ணம். 'வாட்ச்மென்' தொடரைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள், ஒன்பது கட்டப் பக்கத்தின் ஒழுங்கை விட்டுவிட்டார்கள். மாறாக, 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்' முதல் பக்கத்தைப் பாருங்கள். க்ரான்ட் மாரிசன் எழுத, ஃப்ராங்க் க்வைட்லி வரைந்தது. நான்கு படங்கள், ஆங்கிலத்தில் எட்டே சொற்கள். அழியும் கிரகத்திலிருந்து அன்பான தம்பதி வரை சூப்பர்மேனின் பிறப்புக் கதை முடிந்துவிடுகிறது. வெளிச்சமான கதைதான், ஆனால் ஒரு சொல்லை எடுக்க முடியாது.

இப்போது என் சோதனைக்கே சோதனை. கிளேர்மான்ட் அதில் தேறமாட்டார். ஒருவன் பறப்பது படத்தில் தெரியும், அவன் பறப்பதை அவனே சொல்வான், தன் சக்தி என்ன என்றும் மாதாமாதம் சொல்வான். இன்று புதிதாக வாங்குகிறவருக்கும் புரிய வேண்டும் என்பது அன்றைய பத்திரிகைக் கடை வழக்கம், சரி. அதைக் கழித்தாலும் அவருக்கு வாய் அதிகம்தான். ஆனாலும் அவரை மேல்வரிசையில்தான் வைப்பேன். 1975 முதல் 1991 வரை எக்ஸ்மென் என்ற ஒரே தொடரில் இருந்தவர். 1963-ல் வெறும் வில்லனாக வந்த மேக்னீட்டோவை நாஜி முகாமில் தப்பிப் பிழைத்தவராக ஆக்கினார். 150-வது இதழில் ஒரு சின்னப் பெண்ணைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து மேக்னீட்டோ உடைகிறார். 200-வது இதழில் அதே மேக்னீட்டோவிடம் எக்ஸ்மென் குழுவை உருவாக்கிய சேவியரின் பள்ளிக்கூடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒரு தனி இதழை எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இந்தத் திருப்பம் கண்ணில் படாது. வாங்கிப் படிக்க நினைப்பவர்கள் 150-ல் தொடங்குங்கள். பலூன்கள் கொஞ்சம் நெரிசலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி.