வேரை ஏமாத்துற காட்மியம்

[காட்சி: மேசை மேல ரெண்டு கண்ணாடி டம்ளர், பச்சைப்பயறு நாத்து.]

ரெண்டும் ஒரே நாள்ல ஊறப்போட்ட பயறு. இடது டம்ளர்ல வெறும் சத்துக் கரைசல். வலதுல அதோட காட்மியம்ங்கற நச்சு உலோகத்தோட உப்பு கொஞ்சம். வெளியே எடுத்து வேரைப் பாருங்க. இடது வேர் வெள்ளைவெளேர்னு, பக்க வேர் விட்டு நீளமா இறங்கியிருக்கு. வலது வேர் கட்டையா, நுனி பழுப்பேறி நிக்குது.

பயறுக்குக் காட்மியம் எதுக்கும் உதவாது. அப்புறம் எப்படி உள்ள போச்சு? துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு நுழைய வேர்ல புரத வாசல்கள் இருக்கு. காட்மியம் அயனிக்கும் அதே ரெண்டு நேர்மின்னூட்டம். வாசல் ஆள் தெரியாம விட்டுடுது. ஆர்சனிக் இதே மாதிரி பாஸ்பேட் வாசல்ல நுழையும்.

[காட்சி: வெளிறின கொழுந்து, மிக அருகில்.]

உள்ள வந்ததும் இரும்பு வரத்து குறையும், பச்சையம் கட்டுற வேலை தடுமாறும், கொழுந்து வெளிறும். சத்துக்குறைன்னு நினைச்சு நாம உரம் போடுவோம்.

செடி சும்மா இருக்காது. செல்லுக்குள்ள இருக்கற குளூட்டாதயோன்ங்கற சின்ன மூலக்கூறை வச்சு, உலோகத்தைப் பிடிக்கற ஃபைட்டோகீலட்டின்னு ஒண்ணு செய்யும். அதுல இருக்கற கந்தகம் காட்மியத்தை இறுக்கிப் பிடிக்க, செல்லுக்குள்ள ஒரு பையில போட்டு அடைச்சிடும். ஆனா செல்லைக் கெடுக்கற ஆக்சிஜன் நச்சை அடக்கவும் அதே குளூட்டாதயோன்தான் வேணும். ஒரே சம்பளத்துல ரெண்டு கடன் அடைக்கற நிலைமை. வளர மிச்சம் இருக்காது.

என்னை உறுத்தறது இதுதான்: அப்படி அடைச்சது இலைக்குள்ளேயே இருக்கு. கீரை பச்சைப்பசேல்னு இருக்கலாம், எத்தனை தண்ணி விட்டுக் கழுவினாலும் காட்மியம் போகாது. ஜப்பான்ல டொயாமா பக்கம் சுரங்கக் கழிவு கலந்த ஆத்துத் தண்ணி நெல்லுக்குப் பாய்ஞ்சு, அந்தச் சோறு சாப்பிட்டவங்க எலும்பே நொறுங்கிச்சு. அந்த நோய்க்கு இட்டாய்-இட்டாய்னு பேரு. 1968-ல அரசாங்கமே காரணம் காட்மியம்னு ஒத்துக்கிச்சு.

[காட்சி: மயிலாப்பூர், பெயின்ட் உரிஞ்ச பழைய சுவர், அடியில கீரைப் பாத்தி.]

ஈயம் வேற ரகம். பெரும்பாலும் வேரோட நின்னுடும், தூசியா இலை மேல படியும். அதைக் கழுவலாம். நம்ம நாட்டுல ஈய பெட்ரோல் 2000-ல நின்னுச்சு, வீட்டுப் பெயின்டுல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்குதான் இருக்கலாம்ங்கற வரம்பு 2017-ல வந்துச்சு. அதுக்கு முன்னாடி விழுந்த ஈயம் இன்னும் மண்ணுலதான் இருக்கு.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கறப்போ காட்மியம், ஈயம் மாதிரி கன உலோகமும் பாக்கணும்னு தனியா சொல்லுங்க. சாதாரண ரிப்போர்ட்ல அது வராது. புளிப்பு மண்ணுன்னா சுண்ணாம்பும் மட்கின தொழுவுரமும் போடுங்க, காட்மியம் மண்ணோட ஒட்டிக்கும். ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தச் சுவரோரம் கீரை, முள்ளங்கி வேண்டாம். தக்காளியோ வெண்டையோ வைங்க, இலைக்கு ஏறுற அளவு காய்க்கு ஏறாது.