புதிய ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’: மிஞ்சி நிற்பது நிறையே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் ரசிகர்களே, வணக்கம்.

2025 ஜூலையில் வெளிவந்த ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தில் மிஞ்சி நிற்பது நிறையா, குறையா? நிறையே என்று பேச வந்திருக்கிறேன். ரப்பராக நீளும் ரீட், மறைந்து போகும் அவன் மனைவி சூ, தீயாகப் பறக்கும் அவள் தம்பி ஜானி, கல்மனிதனாகிவிட்ட நண்பன் பென், இந்த நால்வர்தான் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ என்ற சூப்பர்ஹீரோ குடும்பம். எதிரணித் தலைவர் சற்று முன் மூன்று குறைகளை எடுத்துவைத்தார். நால்வருக்கும் சக்தி வந்த கதையைப் படம் ஓட்டமாக ஓட்டிவிட்டது என்றார். கல்மனிதன் பென்னுக்குப் படத்தில் வேலையே இல்லை என்றார். இறந்துபோன சூவை அவள் குழந்தையே எழுப்பிவிடுவதால் அந்தத் தியாகம் வீணாகிவிட்டது என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள். பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலில் அந்தச் சக்தி வந்த கதை. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1961-ல் இந்த நால்வரை உருவாக்கினார்கள். உடம்பு ரப்பராக நீளும் நாயகன் அதற்கு முன்பே காமிக்ஸில் இருந்தான். உடம்பெல்லாம் தீயாகப் பறப்பவனும் இருந்தான். அப்புறம் ஏன் வாசகர்கள் இவர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்? இவர்கள் முகமூடி போட்டு ஒளியவில்லை. ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தார்கள், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், மறுபடியும் ஒரே வீட்டுக்குத்தான் திரும்பினார்கள். குடும்பம்தான் இந்தக் கதையின் உயிர். அதைத் திரையில் பிடித்தார்களா, கோட்டைவிட்டார்களா என்பதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலை வைத்துப் பழைய படங்களைப் பாருங்கள். 1994-ல் எடுத்து முடித்த படம் தியேட்டர் பக்கமே வரவில்லை. 2005-லும் 2007-லும் வந்தவை கலகலப்பான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2007 படத்தில், கோள்களையே விழுங்கும் கேலக்டஸை வெறும் மேகமாகக் காட்டிவிட்டார்கள். காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

2015-ல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள். எதிரணி கேட்கும் சக்தி வந்த கதையை அந்தப் படம் சாவகாசமாகத்தான் சொன்னது. என்ன ஆயிற்று? சக்தியைத் தேடித்தரும் அந்தப் பயணத்தில் சூ போகவே இல்லை. போனவர்கள் திரும்பும்போது ஏற்படும் வெடிப்பில் அவளும் மாட்டிக்கொள்கிறாள், அவ்வளவுதான். உடல் மாறிப்போன அதிர்ச்சியிலிருந்து அவர்கள் எழுவதற்குள் ‘ஓராண்டு கழித்து’ என்று திரையில் எழுத்து வருகிறது. பயந்து நடுங்கும் நான்கு பேர் ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடித்திருக்க வேண்டிய அந்த ஓராண்டை அப்படியே தாண்டிவிட்டார்கள். நால்வரும் அணியாகச் சேர்வதே கடைசிச் சண்டைக்குத்தான். வில்லன் யார், எஃபெக்ட்ஸ் எப்படி என்பதெல்லாம் எனக்கு அதற்கு அப்புறம்தான்.

இயக்குநர் மேட் ஷாக்மன் இதற்கு நேர் எதிரான வழியில் போகிறார். 1960-களின் சாயலில் அமைந்த ஒரு மாற்று உலகம். சக்தி கிடைத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நடந்த கதை முழுவதையும் ஒரு டிவி நிகழ்ச்சி வழியாகச் சொல்லி முடிக்கிறார். அதில் மிச்சமான நேரத்தை எங்கே செலவழித்தார் என்று பாருங்கள். வீட்டுக்குள் செலவழித்தார். சூ கர்ப்பமாக இருக்கிறாள். ரீட் முகத்தை வைத்தே பென் விஷயத்தைப் பிடித்துவிடுகிறான். பிரபஞ்சத்தையே கணக்குப் போடும் ரீட், ஹெர்பி என்ற ரோபோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் குழந்தைக்கு அடிபடாதபடி மாற்றிக்கொண்டிருக்கிறான். ரீடாக நடிக்கும் பெட்ரோ பாஸ்கல் முகத்தில் அப்போது தெரிகிற பயம், எந்த வில்லன் எதிரிலும் தெரிவதில்லை.

அந்தப் பயத்தின் மேல்தான் கேலக்டஸ் கை வைக்கிறான். அவனைத் தேடி விண்வெளிக்குப் போன நால்வரிடம், குழந்தையைக் கொடு, பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான். முடியாது என்று சொல்லிவிட்டு, தப்பி வரும் விண்கலத்திலேயே பிரசவமும் முடிந்து பூமிக்குத் திரும்புகிறார்கள். பத்திரிகையாளர்கள் கேட்க, நடந்ததை ரீட் மறைக்காமல் சொல்கிறான். நேற்றுவரை கைதட்டிய கூட்டம் வீட்டு வாசலில் நின்று குழந்தையைக் கொடு என்கிறது. வெளியேதான் பிரச்சினை என்றால் அதுவும் இல்லை. குழந்தையைக் கொடுப்பது கணக்குப்படி சரிதான் என்ற எண்ணம் ரீட் மனத்திலும் ஓடியிருக்கிறது. அதைக் கேட்கும்போது சூவாக நடிக்கும் வனெஸ்ஸா கிர்பியின் கண்களைப் பாருங்கள். அப்புறம் சூ கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு நடுவே போய் நிற்கிறாள். மறைந்து போகும் சக்தி உள்ளவள், எல்லோரும் பார்க்க நிற்கிறாள்! உலகத்துக்காகப் பிள்ளையையும் தரமாட்டேன், பிள்ளைக்காக உலகத்தையும் தரமாட்டேன் என்று பேசுகிறாள். சூப்பர்ஹீரோ படத்தில் ஒரு கூட்டத்தைப் பேச்சால் திருப்பும் காட்சியை இவ்வளவு நம்பும்படி நான் பார்த்ததில்லை. இதற்குப் பிறகு கேலக்டஸிடமிருந்து தப்பிக்கப் பூமியையே இடம்மாற்றும் திட்டத்துக்காக உலகமே மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று காட்டும்போது அதுவும் பொருந்துகிறது.

இப்போது பென். இங்கே எதிரணியோடு உடன்படுகிறேன். எபான் மாஸ்-பக்ராக் கல் உருவத்துக்குள்ளிருந்து அத்தனை மென்மையாகப் பேசுகிறார். ஹெர்பியோடு சமைக்கும்போதும் ஆசிரியை ரேச்சலிடம் தயங்கும்போதும் இன்னும் கொஞ்சம் இருக்காதா என்று மனம் கேட்கிறது. ஜான் மால்கோவிச் நடித்த காட்சிகளையே மொத்தமாக வெட்டத் துணிந்த இயக்குநர், பென்னுக்கு ஒரு பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். இது உண்மையான குறை. ஆனால் தம்பி ஜானியை அதே படம் எப்படி உயர்த்தியிருக்கிறது? கேலக்டஸின் தூதுவளான சில்வர் சர்ஃபரின் மொழியைப் பதிவுகளிலிருந்து பொறுமையாகப் படித்து, அவள் மனசாட்சியைத் தொடுகிறவன் அவன்தான். விளையாட்டுப் பிள்ளை என்று எழுதிவைத்த பாத்திரத்துக்கு மூளையும் ஈரமும் கொடுத்திருக்கிறார்கள்.

வசூல் போதவில்லை என்றும் எதிரணி ஒரு வார்த்தை சொன்னது. 2015 படம் உலகம் முழுவதும் 17 கோடி டாலரைத் தொடவில்லை. இது 50 கோடியைத் தாண்டியது. போதும்.

கடைசியாக, சூ எழுந்துவருவது. மூக்கில் ரத்தம் வழிய, தனியொருத்தியாகக் கேலக்டஸை, அவனைத் தொலைதூரத்துக்கு அனுப்பிவிடும் வாசல்வரை தள்ளிவிட்டுச் சாய்கிறாள். குழந்தை ஃபிராங்க்ளின் எழுப்புகிறான். திடீரென்று வந்த வித்தை என்கிறார்கள். கேலக்டஸ் அந்தக் குழந்தையைக் கேட்டதே அதற்குள் இருக்கும் சக்திக்காகத்தானே? அதைப் பாதியிலேயே படம் சொல்லிவிட்டது. அந்த மரணத்தின் மேல் கேமரா இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும், துக்கத்தை அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். தியாகம் வீண் என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை தன்னை எழுப்பும் என்று தெரிந்து அவள் அந்த அடியை எடுத்து வைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.