நூறு பேர் வேட்புமனுத் தாக்கல் செய்தால் ஏரி சுத்தமாகுமா?

அடுத்த கேள்வியை மேற்கு மாவட்டத்திலிருந்து ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். அவர் ஊர் ஏரியில் பல ஆண்டுகளாகச் சாயக்கழிவு கலக்கிறது. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்கள் சாலை, சாக்கடை, தெருவிளக்கு பற்றியெல்லாம் பேசிவிட்டு ஏரியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஆகவே வரும் சட்டமன்றத் தேர்தலில் ஊரிலிருந்து நூறு பேர் சுயேச்சைகளாக நிற்கலாம் என்று ஆலோசிக்கிறார்களாம். இதனால் பயன் உண்டா என்பது கேள்வி.

இதற்கு முன்னுதாரணம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சித் தொகுதியில், தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று விவசாயிகள் திரளாக மனுத் தாக்கல் செய்ததால், களத்தில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டியதாயிற்று. வென்றவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அவர்களில் அத்தொகுதியில் வாக்குள்ளவர்கள் தமக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை என்று பொருள். நாடு முழுவதும் அந்தத் தேர்தல் பேசப்பட்டது உண்மைதான். ஆனால் அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. சுயேச்சைகளுக்குத் தொகுதி வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது.

இன்று அந்தத் தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000 ரூபாய். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. நூறு பேர் என்றால் ஏறக்குறைய பத்து லட்சம் ரூபாயை ஊர் இழக்கும். அந்தப் பணத்தில் நல்ல வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்குக் காரணத்தையும் சொல்கிறேன்.

இப்படித் திரளாக நிற்பது பலித்த இடமும் ஒன்று உண்டு. 2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் நின்ற 185 வேட்பாளர்களில் 170க்கும் மேற்பட்டோர் விவசாயிகள். மஞ்சள் வாரியம் வேண்டும் என்பது அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. அன்றைய முதலமைச்சரின் மகளும் தொகுதியின் உறுப்பினருமான கவிதா 70,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். வாரியம் கொண்டுவருவதாக முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த பா.ஜ.க.வின் அரவிந்த் வென்றார். 2025 ஜனவரியில் வாரியம் அதே ஊரில் தொடங்கியது. ஆனால் மஞ்சள் வாரியம் வேண்டாம் என்று சொல்ல நிஜாமாபாத்தில் எவருக்கும் காரணம் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் ஏரியின் நிலை அப்படிப்பட்டதன்று. சாயப்பட்டறை முதலாளிக்கு உங்கள் தொகுதியிலேயே வாக்கு இருக்கலாம். அங்கே கூலிக்குப் போகிறவர் உங்கள் அடுத்த தெருக்காரராகவே இருக்கலாம். வேட்பாளர் வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமையன்று. இரண்டு பக்கத்திலும் உள்ள வாக்குகளை அவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்ததும் இதுதான். எத்தனையோ தேர்தல்கள் வந்துபோன பிறகு, அந்த ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது.

அப்படியானால் தேர்தலில் உங்களுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. தெருவிளக்கும் சாக்கடையும் உள்ளாட்சியின் பொறுப்பு. அவற்றைச் சட்டமன்ற வேட்பாளரிடம் கேட்டுக் கூட்ட நேரத்தை வீணாக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநில அரசின் கீழ் வருவது. எனவே, கழிவை வெளியேற்றும் ஆலைகளை அந்த வாரியம் ஆய்வு செய்ய என்ன செய்வீர்கள், அங்கு வேலை செய்கிறவர்களின் பிழைப்புக்கு என்ன வழி சொல்கிறீர்கள் என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்காமல் விட்டால் பாதி ஊர் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அதே மொடக்குறிச்சியில் 2021இல் பா.ஜ.க.வின் சரஸ்வதியிடம் சுப்புலட்சுமி ஜெகதீசன் தோற்றது 281 வாக்குகளில் என்பதை வேட்பாளர்களும் அறிவார்கள். ஒரே பேச்சாக நிற்கும் 300 வாக்காளர்களை எந்த வேட்பாளரும் அலட்சியம் செய்ய மாட்டார்.

அதற்குப் பிறகும் நிற்கத்தான் வேண்டும் என்றால் ஒருவரை மட்டும் நிறுத்துங்கள். முடிவு வந்த 30 நாட்களுக்குள் அவர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்தாக வேண்டும். ஆயிரம் ரூபாய்தான் செலவானது என்றாலும் இதில் விலக்கில்லை. தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதி இழக்க நேரிடும்.