கண்மாயைச் சாய்க்க முடியுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்து நிலத்தையும் நீரையும் காக்கிற ஒரு சின்ன அறக்கட்டளை என்னதான் செய்கிறது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். சின்னது என்றால் சின்னதுதான். ஆறு பேர், ஒரு பழைய வேன், கொஞ்சம் மண்வெட்டி கடப்பாரை. சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில்தான், அதாவது பாசன ஏரிகளில்தான், எங்கள் வேலை.

"மரம் நடுவீங்களே, அவங்கதானே?" என்று கேட்பார்கள். நடுகிறோம். ஆனால் நட்டதைவிட வெட்டியது அதிகம். எல்லாம் சீமைக்கருவேலம். அதைவிட அதிகம் நடந்தது. தண்ணீர் வரும் வழியைத் தேடி நடந்தது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று உறுப்பு முக்கியம். தண்ணீர் வருகிற வரத்துக்கால், வயலுக்குப் போகிற மடை, நிறைந்தால் வழிகிற கலுங்கு. ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. டவுனில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொன்னேன்.

தொடங்கிய புதிதில் நாங்கள் பண்ணிய கூத்து ஒன்று. எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் எனக்கு முடியாது. நன்கொடை கொஞ்சம் சேர்ந்தது, ஜேசிபி வந்தது. ஆழப்படுத்தினால் தண்ணீர் அதிகம் நிற்கும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். கண்மாய் நடுவில் பெரிய பள்ளமாகத் தோண்டி, போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டோம். ஐப்பசி மழையில் பள்ளம் நிறைந்து தளதளவென்று நின்றது. எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் மடையைத் திறந்தால் சொட்டு வரவில்லை.

வானொலியில் படம் போட்டுக் காட்ட வழியில்லை. அதனால் கல்யாண வீட்டில் குழாய் வைத்த தண்ணீர் டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குக் கீழே இருக்கிற தண்ணீர் தம்ளருக்கு வராது. யாராவது டிரம்மைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்மாயைச் சாய்க்க முடியுமா?

அந்த ஊர் நீர்ப்பாய்ச்சி, அதாவது மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், எழுபது வயது தாண்டிய பெரியவர், கரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் தாத்தா முதல்லயே சொல்லல?" என்றேன். "நீங்க கேக்கலையே தம்பி" என்றார். அப்புறம், "வயலுக்குத் தண்ணி கேட்டோம், நீங்க கிணறு வெட்டிக் குடுத்துட்டீங்க" என்று சிரித்தார். மாடு குடித்தது, பக்கத்துக் கிணறுகளில் ஊறியது, அதெல்லாம் உண்மை. வயல் காய்ந்தது என்பதும் உண்மை. இன்னொன்றும் சொன்னார்: அடியில் இருக்கிற களிமண்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, அதைக் கிழித்தால் தண்ணீர் நிற்காது. வண்டலை மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் கரையை விட்டுத் தள்ளி எடுக்க வேண்டும். எடுத்த வண்டல், கரம்பை என்பார்கள், வயலுக்கு உரம்.

அடுத்த ஆடியில் அவரையே கூட்டிக்கொண்டு வரத்துக்கால் ஓரமாக மேலே நடந்தோம். மூன்று இடத்தில் அடைப்பு. ஓரிடத்தில் சாலைக்குப் போட்ட குழாய், கால்வாய்த் தரையைவிட உயரத்தில் கிடந்தது. தண்ணீர் ஏறிப் போகுமா? இன்னோரிடத்தில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு சாண் வீதம் வரப்பை உள்ளே தள்ளிக்கொண்டே வந்திருந்தார். அவரோடு பேச எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் டீ செலவு எங்களுடையது! ஜேசிபி வேலை மூன்று நாளில் முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரும்பவும் சொல்கிறேன், முதலில் தண்ணீர் வரும் வழி. கண்மாய் அப்புறம்.

சீமைக்கருவேலத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. மேலே வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு பிடுங்க வேண்டும். ஆனால் ஊரில் அதை ஒட்டுமொத்தமாக ஒழிக்கப் போகிறோம் என்று நாங்கள் சொல்வதில்லை. மூட்டம் போட்டுக் கரி விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. கண்மாய்க்குள்ளும் கால்வாயிலும் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். நாட்டுக்கருவேலத்தில் கை வைப்பதில்லை, கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற மரம் அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. பறவைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன், சரி, ஒன்று மட்டும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி. 1977-இல் சரணாலயம் ஆனது. சுற்றியுள்ள கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை, குஞ்சுகள் மிரளும் என்று. அங்கே போனபோது ஒரு சிறுவனிடம், "வெடி போட ஆசையா இல்லையா?" என்று கேட்டேன். "மாமா ஊருக்குப் போய் வெடிப்பேன்" என்றான்.

ஒரு விரல்தான் தெரிகிறது இப்போது. வணக்கம்.