ஜிப் தெரியுதாம்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எதிரணிக்குத் தனியா ஒரு வணக்கம். இன்னும் பத்து நிமிஷத்துல அது அவங்களுக்குத் தேவைப்படும்.

"அறிவியல் புனைவில் மனசைக் கட்டிப்போடுவது பழையதா, புதியதா?" இதுதான் தலைப்பு. நான் பழையது பக்கம். எங்க அணித் தலைவர் கதை, நடிப்பு, கற்பனைன்னு மூணு பாயிண்ட் எழுதிக் கொடுத்து, இந்த வரிசையிலதான் பேசணும்னு சொல்லியிருக்கார். அந்தக் காகிதத்தை மடிச்சு வச்சுட்டேன். மன்னிச்சிடுங்க தலைவரே. எனக்கு முன்னாடி பேசின தம்பி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்ட்டார், அது காதுலயே நிக்குது.

என்ன சொன்னார்? "பழைய தொடர்ல பூதம் வந்தா எனக்குப் பயமே வராதுங்க, முதுகுல ஜிப் தெரியுதான்னுதான் பார்ப்பேன்"னார். அரங்கமே சிரிச்சுது. நடுவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார். நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்தான், இல்லைன்னு சொல்லல.

ஆனா தம்பி, இதே ஜோக்கை உங்களுக்கு முன்னாலயே ஒருத்தி சொல்லிட்டா. என் அக்கா பொண்ணு. பதிமூணு வயசு. புதுசா வர்ற விண்வெளிப் படம் ஒண்ணு விடாம பார்த்து, எந்தக் காட்சியில கிராபிக்ஸ் சொதப்பியிருக்குன்னு விரல் விட்டு எண்ணுற ஆளு. ஒருநாள் ராத்திரி அவளை உட்கார வச்சு 'ட்விலைட் ஸோன்' போட்டேன். 1959லேருந்து 1964 வரைக்கும் வந்த அமெரிக்க டிவி தொடர், மொத்தம் 156 எபிசோட். அதுல நான் போட்டது 1963ல வந்தது. ஒருத்தர் விமானத்துல ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கார். வெளியே மழை, மின்னல். இறக்கை மேல என்னமோ நிக்குது. அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது. மனைவியைக் கூப்பிட்டா அது ஒளிஞ்சுக்குது. அவருக்கோ ஆறு மாசம் முன்னாடி இதே மாதிரி விமானத்துலதான் மனநிலை பாதிச்சிருக்கு. சொன்னா யார் நம்புவா?

அந்தப் பூதம் வந்து நின்னதும் இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. "சித்தி, இது கரடி வேஷம் போட்ட மாமா! ஜிப் எங்கே?" கையில போன் வேற. ஒரு கண்ணு போன்ல, ஒரு கண்ணு டிவியில. நான் வாயைத் திறக்கல.

பத்தாவது நிமிஷம் போன் சோபா மேல கவிழ்ந்து கிடக்கு. அப்ப அந்தக் காட்சி வருது. பயணி ஜன்னல் திரையை இழுத்து மூடிடுறார். பார்க்கக் கூடாது, பார்க்கவே கூடாதுன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறார். முன்னாடி பார்க்கிறார். திரையைப் பார்க்கிறார். மறுபடி முன்னாடி பார்க்கிறார். கை மெதுவா திரைகிட்ட போகுது. சத்தியமா சொல்றேன், என் அக்கா பொண்ணு டிவியைப் பார்த்து, "அங்கிள், வேணாம் அங்கிள்!"னு கத்துறா. 1963ல நடிச்சவருக்கு இவ எச்சரிக்கை கொடுக்கிறா! அவர் கேட்பாரா? திரையை விலக்கினார். கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா அந்த மூஞ்சி.

பின்வரிசையில சிரிப்பு லேட்டா வருது, சரியாக் கேட்கல போல. உங்களுக்காக இன்னொரு தடவை சொல்றேன். திரை. கை. "அங்கிள், வேணாம்." மூஞ்சி! இப்ப கேட்டுச்சா?

அதோட முடியல. படுக்கப் போனோம். எங்க அறையிலயும் ஒரு ஜன்னல், அதுக்கு ஒரு திரை. "சித்தி, திரையை மூடிடுங்களேன்." எழுந்து மூடினேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு, "சித்தி, திறந்துடுங்க." ஏன் கண்ணு? "மூடியிருந்தா அதுக்குப் பின்னாடி நிக்கிற மாதிரியே இருக்கு." திறந்தேன். "ஐயோ, வேணாம், மூடிடுங்க." நாலு தடவை எழுந்தேன் நடுவரே. கடைசியா, "நீங்க ஜன்னல் பக்கம் படுங்க சித்தி"ன்னு இடம் மாத்திக்கிட்டுத் தூங்கிட்டா. அப்புறம் விடிய விடிய எனக்குத் தூக்கம் வரல, அது வேற கதை.

காலையில கேட்டேன், ஜிப் தெரிஞ்சுதா கண்ணு? "அது முதுகைக் காட்டவே இல்லையே சித்தி"ன்னா.

தம்பி, அந்த 'அங்கிள்' யார் தெரியுமா? வில்லியம் ஷாட்னர். மூணே வருஷத்துல, 1966ல, 'ஸ்டார் ட்ரெக்' தொடர்ல விண்கலத்துக்கு கேப்டனா வந்து உட்கார்ந்தவர். விமான இறக்கையைப் பார்த்து அப்படி அலறினவர்கிட்ட ஒரு கப்பலையே தூக்கிக் கொடுத்திருக்காங்க. பெரிய மனசு!

அந்த ஸ்டார் ட்ரெக்கையும் தம்பி விடல. "கதவுகூட ஆள் நின்னு இழுத்ததுதானே"ன்னார். ஆமா, ஆள் நின்னு இழுத்ததுதான். நடிகர் நடந்து வர்றார், மறைவுல நிக்கிறவர் சரியான நொடியில கதவை இழுக்கணும். லேட்டானா கேப்டன் மூக்கு என்ன ஆகும்? டாக்டர் கையில இருந்த அறுவைக் கருவி சில எதுல செஞ்சது தெரியுமா? உப்புக் குப்பியில! அழகழகான குப்பியாத் தேடி வாங்கிட்டு வந்திருக்காங்க. பார்த்தா உப்புக் குப்பின்னே யாருக்கும் புரியாதுன்னு தோணியிருக்கு. சரி, இது டாக்டருக்குன்னு தூக்கிக் கொடுத்துட்டாங்க. வாரா வாரம் ஒவ்வொரு கிரகத்துலயும் கப்பலை இறக்கிக் காட்டப் பணம் கட்டுப்படியாகல. அதனால ஆளை இங்கே கரைச்சு அங்கே உருவாக்கிட்டாங்க. கரையும்போது தெரியுற அந்த மினுமினுப்பு என்னன்னு நினைக்கிறீங்க? வெளிச்சத்துல விழுற அலுமினியப் பொடி. காசு இல்லாததால வந்த யோசனை அது. காசு இருந்திருந்தா கப்பல்தான் இறங்கியிருக்கும், பார்த்துட்டு மறந்திருப்போம்.

பழசு எல்லாமே தங்கம்னு நான் சொல்லல. 1968ல ஸ்டார் ட்ரெக் மூணாவது சீசன் முதல் எபிசோட்ல ஸ்பாக்குங்கிற கப்பல் அதிகாரியோட மூளையையே திருடிட்டுப் போயிடுவாங்க. மிச்ச உடம்பை டாக்டர் ரிமோட் வச்சு நடத்திக் கூட்டிட்டுப் போவார். அதை எழுதும்போது யார் மூளை காணாமப் போச்சோ! அந்த எபிசோடை எதிரணியே வச்சுக்கலாம். இனாம்.

ஆனா ஜிப்பை நான் விடுறதா இல்ல. 1954க்கு வாங்க. ஜப்பான்ல 'கோஜிரா', நாம காட்ஸில்லான்னு சொல்ற படம். முதல்ல செஞ்ச பூத உடுப்பு சுமார் 100 கிலோ. போட்டுக்கிட்டு நடக்கவே முடியல, அதனால வேற ஒண்ணு செஞ்சாங்க. உள்ளே இருந்தவர் ஹாருவோ நகஜிமா. மிருகக்காட்சிசாலைக்குப் போய் யானையும் கரடியும் எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு வந்து நடந்தவர். அந்த உறுமல் இருக்கே, அது எந்த மிருகத்தோடதும் இல்ல. தோல் கையுறையில பிசினைத் தடவி, டபுள் பாஸ் வாத்தியத்தோட தந்தியில இழுத்த சத்தம்.

அதே வருஷம் மார்ச் 1ஆம் தேதி பிகினி தீவுல அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதிச்சது. கடல்ல மீன் பிடிச்சுக்கிட்டிருந்த ஒரு ஜப்பானியப் படகு மேல அந்தச் சாம்பல் விழுந்துச்சு. படகுல இருந்த 23 பேருக்கும் கதிர்வீச்சு. படம் வந்தது நவம்பர் 3. முதல் காட்சியே என்ன? அமைதியான கடல், ஒரு கப்பல், திடீர்னு ஒரு வெளிச்சம். ஹிரோஷிமா நடந்து ஒன்பதே வருஷம். தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்கள்ல எத்தனை பேர் யார் யாரை இழந்துட்டு வந்திருப்பாங்க! அவங்ககிட்டப் போய்க் கேளுங்க தம்பி, ஜிப் தெரிஞ்சுதான்னு.

இப்ப சிரிப்பு வரல, இல்லையா? சரி, நானும் குரலை இறக்கிக்கிறேன். நடுவர் கை மணிகிட்ட போகுது. அந்தக் கை போற விதம் எனக்கு விமானத் திரையை ஞாபகப்படுத்துது. வேணாம் நடுவரே!

ஒரே ஒரு விஷயம். 'டாக்டர் ஹூ' 1963ல தொடங்கின பிரிட்டிஷ் தொடர். அதோட பழைய டேப்புகள் நிறைய அழிக்கப்பட்டுடுச்சு. இன்னைக்குப் படமே இல்லாத எபிசோடுகள் எத்தனையோ. ஆனா சத்தம் இருக்கு. எப்படி? அந்தக் காலத்துல வீட்டுல உட்கார்ந்து டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிவு பண்ணின ரசிகர்களால. படம் போச்சு, குரல் மிஞ்சிச்சு.

எங்க வீட்டுலயும் அப்படி ஒரு குரல் இருந்தது. எங்க அப்பா.

அப்பா வேலை பார்த்த இடத்துல எப்பவோ ஒரு தடவை 'ட்விலைட் ஸோன்' எபிசோட் ஒண்ணு பார்த்திருக்கார். எனக்கு எட்டு வயசு. புதுசாக் கண்ணாடி போட்டு, எல்லாரும் சோடாபுட்டின்னு கூப்பிட்டு, அன்னைக்கு அதையும் உடைச்சுக்கிட்டு வந்து அழுதுக்கிட்டிருக்கேன். அப்பா பக்கத்துல உட்கார்ந்து கதை சொன்னார். பேங்க்ல வேலை பார்க்கிற ஒருத்தர், சோடாபுட்டிக் கண்ணாடி, படிக்கிறதுன்னா உயிர். வீட்டுலயும் படிக்க விட மாட்டாங்க, ஆபீஸ்லயும் விட மாட்டாங்க. ஒருநாள் பெட்டக அறைக்குள்ள ஒளிஞ்சு படிச்சுக்கிட்டிருக்கார், வெளியே குண்டு விழுந்து உலகமே காலி. தேடிப் போனா ஒரு நூலகம். படிக்கட்டு நிறைய புத்தகத்தை அடுக்குறார், இந்த மாசத்துக்கு இது, அடுத்த மாசத்துக்கு அது. இனி கேட்க ஆளே இல்ல. குனியுறார். கண்ணாடி விழுந்து உடையுது.

நான் இன்னும் பலமா அழுதேன். அப்பா, "இரு இரு, முடியல"ன்னார். ஒரு சின்னப் பொண்ணு படியேறி வர்றாளாம். அவளுக்கும் எட்டு வயசாம். கையில ஒரு பெட்டி நிறைய கண்ணாடியாம். ஒவ்வொண்ணா அவர் மூக்குல மாட்டிப் பார்க்கிறாளாம். நாலாவது சரியா இருந்துச்சாம்.

போன வருஷம் அந்த எபிசோடைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தேன். 1959ல வந்தது. பேங்க் இருக்கு, குண்டு இருக்கு, படிக்கட்டு இருக்கு, கண்ணாடி உடையுது. அவ்வளவுதான். பெயர்ப் பட்டியல் ஓடுது. அதுவும் முடிஞ்சு திரை கறுப்பாகுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

உடனே அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "அப்பா, அந்தப் பொண்ணு வரவே இல்லையேப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னார், "வருவாளேம்மா. நீ அவசரப்பட்டு நிறுத்தியிருப்ப."

அடிங்க நடுவரே மணியை. உட்கார்ந்துக்கிறேன்.