நாற்காலி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

சேவைப் பணிக்குப் போய்விட்டு வரும் மாணவர்களின் குறிப்பேடுகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் எல்லாக் கையெழுத்திலும் இருக்கும்: "இந்தச் சேவை எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது." எழுதிய பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டை விட்டு வெளியே போகாமலேயே அந்த வரியை எழுதிவிட முடியும். அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு மாணவி. முதியோர் இல்லத்தில் பார்வை மங்கிய ஒரு பாட்டிக்கு வாரம் ஒரு நாள் செய்தித்தாள் படித்துக் காட்டினாள். அவள் குறிப்பேட்டிலும் அதே மனநிறைவுதான். அதை மூடி வைத்துவிட்டு, "பாட்டி முதலில் எதைப் படிக்கச் சொல்வார்?" என்று கேட்டேன்.

"மரண அறிவிப்பு, டீச்சர். அதைக் கேட்டாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"அப்போது எங்கே உட்கார்ந்திருப்பார்?"

"நாற்காலியை ஜன்னல் ஓரம் போட்டிருப்பாங்க. பாட்டி அதை வாசல் பக்கம் திருப்பிக்குவாங்க." கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "அவங்க வாசலையே பார்த்துட்டு இருப்பாங்க. நான் கடிகாரத்தைப் பார்த்துட்டு இருப்பேன்."

மறுவாரம் அவள் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுப் பாட்டியைப் பேசவிட்டிருக்கிறாள். அவர் முப்பது ஆண்டு தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவராம். மரண அறிவிப்புகளில் அவர் காத்திருந்து கேட்டது இறந்தவர் பெயரை அல்ல, ஊர்ப் பெயரை. ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பையில் தபால் போகும் என்பது இன்னமும் அவருக்கு மனப்பாடம். "நான் சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தது சோகமே இல்லை" என்று எழுதியிருந்தாள் அந்தப் பெண். நாற்காலி ஏன் வாசலைப் பார்த்தது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். நான் இத்தனை ஆண்டுகளில் படித்த நல்ல குறிப்புகளில் அது ஒன்று.

"என்ன கற்றுக்கொண்டாய்?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டால், பிள்ளை நமக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கிவிடும். "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், நடந்ததைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அனுபவத்தை அசைபோடக் கல்வியாளர்கள் வகுத்த முறைகளிலும் இந்த வரிசைதான் இருக்கிறது. அமெரிக்க ஆசிரியர் டெரி போர்டன் 1970-இல் மூன்று கேள்விகளைத் தந்தார்: என்ன? அதனால் என்ன? இனி என்ன? பிரிட்டிஷ் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த அசைபோடும் சுழற்சியில் ஆறு படிகள் உண்டு. அதில் உணர்வு இரண்டாம் படிதான். நடந்ததை விவரிப்பது முதல் படி. நாமோ பல நேரம் முதல் படியைத் தாண்டிக் குதித்து, நேரே உணர்வுக்கும் பாடத்துக்கும் போய்விடுகிறோம். அதனால்தான் குறிப்புகள் பொத்தாம்பொதுவாக வந்து விழுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்வியாளருமான ஜான் டூயி 1910-இலேயே, சிந்தனை ஓர் இடறலில் தொடங்குகிறது என்று விளக்கினார். எல்லாம் நினைத்தபடி நடந்தால் மனம் அசைபோடாது. ஆகவே "எல்லாம் நன்றாக இருந்தது" என்று வரும் பிள்ளையைவிட, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரும் பிள்ளையிடம்தான் நான் அதிக நேரம் உட்காருவேன்.

ஒரு குழு ஏரிக்கரையைச் சுத்தம் செய்தது. அடுத்த வாரம் போனால் பழையபடி குப்பை. "மக்கள் திருந்த மாட்டாங்க டீச்சர், இது வீண் வேலை" என்றான் ஒரு பையன். அவனைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. கோபம் நியாயமானது. "சரி, இந்த முறை அள்ளுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள், எது அதிகம், எங்கே அதிகம் என்று குறியுங்கள்" என்றேன். அவர்கள் குறித்தபோது, கரையில் வந்து உட்காருகிறவர்கள் போட்டது கொஞ்சம்தான் என்று தெரிந்தது. பெரும்பகுதி மழைநீர்க் கால்வாய் வந்து சேரும் இடத்தில் குவிந்து கிடந்தது. அதாவது, ஏரியைக் கண்ணால் பார்த்தே இராத தெருக்களின் குப்பை. அந்தப் பையனின் கோபம் போகவில்லை, இடம் மாறியது. கால்வாய் முகப்பில் வலை வைப்பது யார் பொறுப்பு என்று கேட்க ஆரம்பித்தான். "மக்கள்" என்ற சொல்லை அதற்கப்புறம் அவன் அவ்வளவு எளிதாகப் பயன்படுத்தவில்லை.

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். போவதற்கு முன்பே, அங்கே என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதை மாணவர்கள் மூன்று வரி எழுதட்டும். திரும்பி வந்தபின் அந்த மூன்று வரியோடு ஒப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். அனுபவத்தைப் பற்றிய பேச்சைத் திரும்பி வந்த ஓரிரு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பருவ இறுதிக்குத் தள்ளினால் நுணுக்கம் எல்லாம் உதிர்ந்துபோகும். எழுத வராத பிள்ளை படம் வரையட்டும், கைப்பேசியில் பேசிப் பதியட்டும். உதவி பெற்றவர்களின் பெயரும் படமும் குறிப்பேட்டில் வேண்டாம்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள், எதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்பதற்குப் போடுங்கள். உருக்கத்துக்கு மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். உருக்கத்துக்கு மதிப்பெண் உண்டென்றால் பிள்ளைகள் உருகிக் காட்டக் கற்றுக்கொள்வார்கள். நல்ல மனம் படைத்த பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கெடுதல் அது.

நான் மிகத் தாமதமாகச் செய்யத் தொடங்கிய ஒன்று: உதவி பெற்றவர்களிடமும் கேட்பது. பருவ முடிவில் அந்தப் பாட்டியிடம் போய், "இந்தப் பெண் வந்தது எப்படி இருந்தது?" என்று கேட்டேன். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். "நல்ல பெண். ஆனால் ஊர்ப் பேரை அவசரமாகப் படிக்கிறாள். கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்" என்றார் பாட்டி. அவள் அங்கேயே குறிப்பேட்டைப் பிரித்து அதை எழுதிக்கொண்டாள்.

வணக்கம்.