ரீட்மீ ஃபைல் வந்துருச்சா? அவசரப்பட்டு ஃபார்மட் போட்டுறாதீங்க

வணக்கம் மக்களே. காதுகுத்து ஆல்பம், கல்யாண வீடியோ, கடைக் கணக்கு, எதைத் தொட்டாலும் திறக்கல. எல்லா ஃபைல் பேருக்குப் பின்னாடியும் சம்பந்தமே இல்லாம ஒரு நாலெழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது. ஃபோல்டருக்கு ஒரு ரீட்மீ ஃபைல் கெடக்கு. இதுக்குப் பேருதான் ரான்சம்வேர், ஃபைலப் பூட்டி வச்சுட்டு காசு கேக்குற வைரஸ். இப்ப உங்க கம்ப்யூட்டர் அந்த நெலமையில இருந்தா, இந்த வீடியோவ ஓட விட்டுட்டு முதல்ல நெட்டப் புடுங்குங்க. லேன் வயர், வைஃபை ரெண்டும். பென் டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், எல்லாத்தையும் கழட்டுங்க. ஹார்ட் டிஸ்க் லைட்டு விடாம மின்னுதா? இன்னும் பூட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பவர் பட்டன அழுத்திப் புடிச்சு அணைச்சுருங்க.

இனிமே நிதானமாப் பேசலாம். ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கங்க: வைரஸ எடுக்குறது ஒரு வேலை, பூட்டுன ஃபைலத் திறக்குறது வேற வேலை. முதல் வேலை அரை நாள்ல முடியும். ரெண்டாவது முடியுமாங்கிறது அந்த ரீட்மீக்குள்ள இருக்குற ஒரு ஐடியப் பொறுத்தது. அதப் பாக்காமயே "ஃபார்மட் போட்டா சரியாயிரும்ணே"ன்னு கடையில சொல்வாங்க. கம்ப்யூட்டர் சரியாயிரும். ஃபைலு போயிரும்.

இது எப்புடி உள்ள வருது? மெயில்ல வர்ற பொய் பில்லு ஒரு வழி. வீட்ல இருந்தே டேலி பாக்கணும்னு ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்ட நெட்டுக்குத் திறந்து விட்டு, பாஸ்வேர்டு 'அட்மின்123'ன்னு வச்சிருக்கிறது இன்னொரு வழி. 2017 மே மாசம் வானாக்ரை வந்துச்சே, அது யாரும் எதையும் கிளிக் பண்ணாமயே விண்டோஸ் ஓட்டை வழியா பரவுச்சு. அந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே குடுத்துருச்சு, போடாதவங்கதான் மாட்டுனாங்க.

ஆனா ஸ்டுடியோ, ஃபிளெக்ஸ் கடை, வீட்டு லேப்டாப்புன்னு வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது 'ஸ்டாப் டிஜேவியூ'ங்கிற குடும்பத்தத்தான். அது வர்ற வழி கிராக், அதாவது காசு குடுக்காம சாஃப்ட்வேர ஓட வைக்கிற திருட்டு ஃபைல். ஃபோட்டோஷாப் கிராக், கோரல்டிரா கீஜென், விண்டோஸ் ஆக்டிவேட்டர். டவுன்லோட் பண்ணா ஒரு ஜிப் வரும், அதுக்கு பாஸ்வேர்டு 1234ன்னு பக்கத்துலயே போட்டிருப்பாய்ங்க. ஜிப்புக்கு எதுக்கு பாஸ்வேர்டு? ஆன்டிவைரஸ் உள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான். கூடவே "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுங்க"ன்னு ஒரு வரி. நாமளே கதவத் திறந்து விடுறோம்.

ஓட ஆரம்பிச்சதும் விண்டோஸ் அப்டேட் மாதிரியே ஒரு பொய் ஜன்னல் வரும். கம்ப்யூட்டர் மெதுவாயிருச்சே, அப்டேட் ஆகுது போலன்னு நாம டீ குடிக்கப் போயிருவோம். அந்த நேரத்துல விண்டோஸ் தானா எடுத்து வச்சிருக்குற பழைய நகல, அதான் ஷேடோ காப்பிய, அழிச்சுரும், ஃபைல ஒவ்வொண்ணாப் பூட்டும். முழு ஃபைலையும் இல்ல, ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி மட்டும். அதனாலதான் அவ்வளவு வேகம். இந்த 150 கேபி கணக்க மறந்துறாதீங்க, பின்னாடி உதவும்.

இப்ப ஸ்கிரீனப் பாருங்க. இதான் ரீட்மீ. 980 டாலர் கேக்குறாய்ங்க, 72 மணி நேரத்துக்குள்ள வந்தா பாதி, 490. பாதி விலையே 40,000 ரூபாய்க்கு மேல போகுது. புது வகையில 999, 499ன்னு இருக்கும். கட்டுனா சாவி வரும்ங்கிறதுக்கு எந்த உத்தரவாதமும் கெடையாது. என்னையக் கேட்டா கட்டாதீங்க.

கடைசி வரிக்கு வாங்க. பெர்சனல் ஐடின்னு நீளமா ஒரு எழுத்துச் சரம். அதோட கடைசி ரெண்டு எழுத்து என்ன? 'டி1'ன்னு (இங்கிலீஷ்ல t1) முடிஞ்சா ஆஃப்லைன் சாவி. பூட்டுற நேரத்துல அவய்ங்க சர்வர் கெடைக்கல, அதனால வைரஸ் தனக்குள்ளயே வச்சிருந்த பொதுச் சாவியப் போட்டிருக்கு. அதே வகையில ஆஃப்லைனா மாட்டுன எல்லாருக்கும் ஒரே சாவி, ஒருத்தருக்குக் கெடைச்சா எல்லாருக்கும் திறக்கும். வேற எதுலயாவது முடிஞ்சா ஆன்லைன் சாவி. அது உங்களுக்குன்னே தனியா செஞ்சது, அவய்ங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.

சி டிரைவ்ல சிஸ்டம்ஐடின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், உள்ள பெர்சனல்ஐடி டெக்ஸ்ட் ஃபைல். அதையும் திறந்து பாருங்க (கம்ப்யூட்டர அணைச்சிருந்தா, அடுத்து சொல்ற சேஃப் மோட்ல வந்து பாருங்க). நடுவுல நெட்டு போயி வந்திருந்தா ரெண்டு ஐடி இருக்கும், அதுல ஒண்ணு டி1ஆ இருந்தா ஒரு பகுதி ஃபைலாவது தப்பிக்க வாய்ப்பு இருக்கு. ரெண்டு டெக்ஸ்ட் ஃபைலையும் எடுத்து வைங்க, ஃபோட்டோவும் புடிச்சு வைங்க. போலீஸ் புகாருக்கும் வேணும். சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் நம்பர் 1930, இல்லாட்டி மத்திய அரசோட சைபர் க்ரைம் போர்டல்.

இப்ப வைரஸ எடுக்கலாம். சாதாரணமா ஆன் பண்ணாதீங்க. குறிச்ச நேரத்துக்கு புரோகிராம ஓட்டுற விண்டோஸோட டாஸ்க் ஷெட்யூலர்ல 'டைம் ட்ரிக்கர் டாஸ்க்'னு ஒண்ண வச்சிருக்கும், அது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா வைரஸ எழுப்பி விடும். புதுசா நீங்க எதைக் காப்பி பண்ணாலும் அதையும் பூட்டிரும். விண்டோஸ தேவையானத மட்டும் வச்சு எழுப்புற சேஃப் மோட்ல வாங்க: லாகின் ஸ்கிரீன்லயே ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டு ரீஸ்டார்ட், ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், அப்புறம் 4. பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்ட லேப்டாப்னா 48 இலக்க ரிகவரி கீ கேக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல பாருங்க.

வேற நல்ல கம்ப்யூட்டர்ல எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட்டோ மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரோ இறக்கி பென் டிரைவ்ல கொண்டு வந்து ஃபுல் ஸ்கேன் விடுங்க. ரெண்டுமே இலவசம். சேஃப்டி ஸ்கேனர் இறக்குன 10 நாள்ல காலாவதியாயிரும், பழசு வேண்டாம். ஸ்கேன் முடிஞ்சதும் மூணு எடத்தக் கண்ணால பாருங்க. டாஸ்க் ஷெட்யூலர்ல அந்த டாஸ்க் போயிருக்கணும். ஆப்டேட்டாவுக்குள்ள லோக்கல் ஃபோல்டர்ல, எண்ணும் எழுத்தும் கோடுமா நீளப் பேரு வச்ச ஃபோல்டருக்குள்ள இஎக்ஸ்இ ஃபைல் இருக்கக் கூடாது. மூணாவது ஹோஸ்ட்ஸ் ஃபைல், எந்த சைட் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் பாத்துக்குற லிஸ்ட். சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசிக்குள்ள இருக்கும். ஆன்டிவைரஸ் சைட் எதுவும் திறக்காதபடி இதுக்குள்ள வரி வரியா எழுதி வச்சிருக்கும். நோட்பேட அட்மினா திறந்து, ஹேஷ் குறியில ஆரம்பிக்காத வரி, நீங்க போடாததா இருந்தா, அழிங்க.

அடுத்து, பூட்டுன ஃபைல அப்படியே வேற ஒரு காலி டிஸ்க்ல காப்பி போடுங்க. பேர மாத்தாதீங்க, அந்த நாலெழுத்த அழிச்சா ஃபைல் திறந்துறாது. அப்புறம் நோ மோர் ரான்சம்ங்கிற சைட்டுக்குப் போயி எம்சிசாஃப்ட்டோட டிஜேவியூ டிக்ரிப்டர, அதாவது பூட்டுன ஃபைலத் திறக்குற டூல, எடுங்க. இதுக்கு நெட் வேணும், சாவி அவங்க சர்வர்லதான் இருக்கு. ஆஃப்லைன் சாவி ஏற்கனவே கெடைச்சிருந்தா திறக்க ஆரம்பிச்சுரும். கெடைக்கலன்னா பின்னாடி முடியலாம்னு சொல்லும், அப்பப்ப மறுபடி ஓட்டிப் பாருங்க. ஆன்லைன்னா முடியாதுன்னு நேராவே சொல்லிரும். அதுக்கு மேல "நாங்க எடுத்துத் தர்றோம்"னு அட்வான்ஸ் கேக்குறவங்கள நம்ப வேண்டாம். டிக்ரிப்டர கண்ட எடத்துலயும் எடுக்காதீங்க. 2020ல டிஜேவியூ டிக்ரிப்டர்னு பேரு வச்சே சோரப்னு இன்னொரு ரான்சம்வேர் வந்துச்சு, பூட்டுன ஃபைலு மேலயே ரெண்டாவது பூட்டு.

ஆன்லைன் சாவின்னா கைய விரிச்சுற வேண்டாம், அந்த 150 கேபி கணக்கு இங்கதான் வருது. 4 ஜிபி கல்யாண வீடியோவுல 150 கேபிங்கிறது ஒண்ணுமே இல்ல. டிஸ்க்டூனாவோட மீடியா ரிப்பேர்னு இலவச டூல் இருக்கு. அதே கேமரா, அதே செட்டிங்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ண மாதிரிக்குக் குடுத்தா, பூட்டுன எம்பி4ஐ ஓட வைக்கப் பாக்கும், பல நேரம் ஓடிரும். ஜிப் ஃபைல்னா முதல்ல இருக்குற ஒண்ணு ரெண்டுதான் கெடும், மத்தத 7ஜிப் வச்சு எடுக்கலாம். வேர்டு, எக்செல் மாதிரி சின்ன ஃபைலுக்கு இது வேலைக்காகாது, அங்க 150 கேபிங்கிறதே முழு ஃபைல்தான்.

ஸ்டுடியோக்காரங்க கேமரா மெமரி கார்ட உடனே எடுத்து ஓரமா வைங்க. ஃபார்மட் போட்ட கார்டா இருந்தாலும் அதுக்கப்புறம் அதுல ஷூட் பண்ணாம இருந்தா ஃபோட்டோரெக்ங்கிற டூல வச்சு படத்த மீட்டுறலாம். முகூர்த்த சீசன்ல அதே கார்டத் தூக்கிட்டு அடுத்த மண்டபத்துக்குப் போயிட்டா அவ்வளவுதான்.

பாஸ்வேர்ட பல பேரு விட்டுர்றாங்க. டிஜேவியூ தனியா வராது, விடார், அசோரல்ட் மாதிரி பாஸ்வேர்டு திருடிகளையும் கூட்டிக்கிட்டு வரும். பிரவுசர்ல சேவ் பண்ணது எல்லாம் போயிருச்சுன்னே வச்சுக்கங்க. உங்க ஃபோன்ல இருந்து ஜிமெயில், பேங்க், இன்ஸ்டா எல்லாத்தையும் மாத்துங்க. மாத்திட்டு 'எல்லா டிவைஸ்லயும் சைன் அவுட்' குடுங்க, ஏன்னா நீங்க லாகின் ஆனத பிரவுசர் ஞாபகம் வச்சுக்குற குக்கியத் தூக்கிட்டுப் போனவனுக்கு பாஸ்வேர்டே தேவையில்ல.

இவ்வளவும் முடிஞ்ச பின்னாடிதான் ஃபார்மட். புது விண்டோஸ் போட்டதும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள்ள ரான்சம்வேர் புரொடெக்ஷன், அதுல கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ ஆன் பண்ணுங்க, தெரியாத புரோகிராம் உங்க ஃபைல்ல கை வைக்க விடாது. நீங்க ஆன் பண்ற வரைக்கும் அது ஆஃப்லதான் இருக்கும், விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ் டிஃபெண்டர் ஓடுனாதான் வேலையும் செய்யும். ஆல்பம் டி டிரைவ்ல இருந்தா அந்த ஃபோல்டரயும் லிஸ்ட்ல சேக்கணும். மறுநாள் நீங்க வச்சிருக்குற டிசைன் சாஃப்ட்வேர் ஏதாவது சேவ் ஆகலன்னு நின்னா பயப்படாதீங்க, அதே பக்கத்துல 'அலவ் அன் ஆப்'ல அதச் சேத்து விட்டாப் போதும்.